எங்கள் பழைய நம்பரை வைத்திருந்தவர்

என் கணவர் ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்கிறவர். திண்டுக்கல்லில் மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் பில் போடுகிறார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "போன்ல யாராவது ஓடிபி கேட்டா வாயைத் திறக்காதீங்க. பேங்க்குலேர்ந்து பேசுறேன்னு சொன்னா பேசாம வச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஏமாற்றுகிறவன் எப்போதும் போனில்தான் வருவான் என்று அவர் நினைத்திருந்தார். மகளின் படிப்பைச் சாக்கு வைத்துக்கொண்டு மெயிலில் வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த சமயம் அது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே மெயில்தான், அவர் பெயரில் இருப்பது. பாஸ்போர்ட்டுக்கு அதுதான், கேஸ் சிலிண்டருக்கு அதுதான், மகளின் கவுன்சிலிங்குக்கும் அதையே கொடுத்திருந்தோம். எனக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். "ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த 'அப்புறம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கடையிலிருந்து வந்து குளித்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போது கவுன்சிலிங் அலுவலகத்தின் பெயரில் ஒரு மெயில் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு முடியவில்லை, மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் விண்ணப்பம் ரத்து, கீழே இருக்கிற பட்டனை அழுத்தவும் என்று இருந்தது. அவர் பதறிப்போய் அழுத்தினார். மெயிலுக்குள் போகும்போது வழக்கமாக வருமே, அதே மாதிரி ஒரு பக்கம் திறந்தது. பாஸ்வேர்டைப் போட்டார். அடுத்து போனில், 'உள்ளே வருவது நீங்கள்தானா?' என்று கேட்டது. ஆமாம் என்று அதையும் அழுத்தினார். நன்றி என்று ஒரு பக்கம் வந்ததும், அந்த மெயிலைப் படம் பிடித்து மகளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, 'அத்தா சரி பண்ணிட்டேன்' என்று ஒரு வரியும் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது மகள் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, மெயில் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு மாத்தியாச்சுன்னு வருது" என்றாள். அவருக்குப் போன் செய்து கேட்டேன், மாற்றினீர்களா என்று. அவர் மாற்றவில்லை.

அவர் அனுப்பிய படத்தை நானும் மகளும் பெரிதாக்கிப் பார்த்தோம். அனுப்பியவர் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த முகவரி என்னவோ எழுத்தும் எண்ணும் கலந்து, எந்த அலுவலகத்துக்கும் சம்பந்தமில்லாமல் கிடந்தது. இதுவரை வந்த உண்மையான மெயில்களில் எல்லாம் மகளின் பெயரும் விண்ணப்ப எண்ணும் முதல் வரியிலேயே இருக்கும். இதில் 'அன்புள்ள மாணவரே' என்று மட்டும் இருந்தது, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலே, சான்றிதழைச் சரிபார்க்கிறவனுக்கு எங்கள் மெயில் பாஸ்வேர்டு எதற்கு? அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முத்திரையெல்லாம் அப்படியே இருந்துச்சே" என்றார்.

"முத்திரையை யாரு வேணும்னாலும் ஒட்டலாம். முகவரியைப் பாத்தீங்களா?"

"முகவரியை யாரு பாப்பாங்க? மேல பேர் இருக்குல்ல. சாயங்காலத்துக்குள்ளன்னு வேற போட்டிருந்தான்."

அந்த அவசரம்தான் அவனுக்கு வேண்டியது என்று சொன்னேன். மகள் அழ ஆரம்பித்தாள். கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற நாட்கள் அடுத்த வாரம் தொடங்கின. கவுன்சிலிங் பக்கத்துக்குள் ஒவ்வொரு தடவை போவதற்கும் மெயிலுக்குத்தான் ஒரு எண் வரும். மெயில் இல்லை என்றால் கல்லூரி இல்லை.

மறுநாள் காலையில் நான் கிளம்பும் நேரத்தில் அவர் திண்ணமான குரலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மெயில் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாராம். அந்தப் பக்கம் பேசியவன் ரொம்ப மரியாதையாகப் பேசினான், ஒவ்வொரு வரிக்கும் சார் போட்டான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அதை இறக்கினால் இவர் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும், அவனே சரி செய்துவிடுவானாம். பாதி இறங்கிவிட்டது. நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"என்ன இது? அவன் சரி பண்றேன்னு சொல்றான்."

"நேத்து ஒருத்தன்கிட்ட மெயிலைக் குடுத்தீங்க. இன்னைக்கு இன்னொருத்தன்கிட்ட போனையே குடுக்கப் போறீங்க."

மெயில் கம்பெனிக்கு அப்படிப் பேசுவதற்கு நம்பரே கிடையாது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மெயிலைத் தொலைத்தவர்கள் பதறிப்போய்த் தேடுவார்கள் என்று தெரிந்தே அந்த நம்பரைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரிதான். மெயிலை மாற்ற மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்றாள். எத்தனை நாள் ஆகும் என்றால், "சொல்ல முடியாதும்மா. பழைய மெயிலையே மீட்டுட்டீங்கன்னா சீக்கிரம்" என்றாள்.

மீட்பதற்கு மகள் மூன்று நாளாக முட்டிக்கொண்டிருந்தாள். திருடன் உள்ளே போனதும் முதல் வேலையாக எங்கள் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டிருந்தான். ஆனால் அப்படி எடுத்த நம்பருக்கும் ஒரு வாரம் வரைக்கும் மதிப்பு உண்டு, அதற்கு ஒரு எண்ணை அனுப்பலாமா என்று மெயிலை மீட்கிற பக்கம் கேட்டது. நம்பரின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டியது. அது எங்கள் இப்போதைய நம்பர் இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். செத்த நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இது என் பழைய நம்பராச்சே. ரெண்டு வருசத்துக்கு முந்தி விட்டுட்டேனே."

"சிம்மை விட்டீங்க. மெயில்ல மாத்துனீங்களா?"

"அப்புறம் பாத்துக்கலாம்னு..."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

விட்டுவிட்ட நம்பரைப் போன் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆளுக்கு அவர் போன் செய்தார். விஷயத்தைச் சொல்லி, உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஊரெல்லாம் சொல்லாதே என்று சொன்னதை இவரே கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு வயதான ஆண்குரல், "வேற வேலை இல்லையாய்யா உனக்கு?" என்றது. வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் போகவே இல்லை. பிளாக் செய்துவிட்டார்.

நான் என் போனிலிருந்து அடித்தேன். பெண்குரல் என்பதால் செத்த நேரம் கேட்டார். எங்கள் நிலைமையை முழுதாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. மகள் படிப்பு, கடைசி தேதி, ஒரு சின்ன எண், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை அண்ணே. ஏமாற்றுகிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

"இந்தா பாரும்மா" என்றார் அவர். "போன வருசம் என் மச்சினன் இப்படித்தான் ஒருத்திகிட்ட நம்பரைச் சொல்லிட்டு நடுத்தெருவுல நின்னான். அவளும் புள்ள படிப்புன்னுதான் சொன்னா. நிசமான ஆளா இருந்தா நேர்ல வா. குஜிலியம்பாறைக்கு வந்து டிராக்டர்காரர்னு கேளு, சொல்லுவாக."

வரமாட்டேன் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். தமிழ்நாட்டில் எந்த மூலையிலோ இருந்திருக்கக்கூடிய நம்பர் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்ததே பெரிது என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் லீவு கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

மறுநாள் நானும் மகளும் கிளம்பினோம். அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். எப்போதும் மெயில் பார்க்கிற கம்ப்யூட்டரில், எப்போதும் பார்க்கிற இடத்தில் இருந்து முயன்றால்தான் நம்பும் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்ததாம். வேடசந்தூரில் இறங்கிப் பஸ் மாறினோம். மில் ஷிப்ட் முடிந்த பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். உட்கார இடம் இல்லை. வழியெல்லாம் நிலம் வெயிலில் காய்ந்து கிடந்தது. மகளிடம் நான் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசினால் அவள் அத்தாவைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

டிராக்டர்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊரைத் தாண்டி வீட்டை ஒட்டியே காடு. டிராக்டரின் பின்னால் குனிந்து கலப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நிசமாவே வந்துட்டீகளா?" என்றார்.

ஆதார் அட்டையைக் காட்டினேன். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக்கூட இப்ப அடிச்சுக் கொண்டாந்துர்றாங்கெ" என்று திருப்பிக் கொடுத்தார். நான் என்ன செய்வது? வெயிலில் வந்த களைப்பு, பசி, எல்லாம் சேர்ந்து டிராக்டரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "உக்காரும்மா மொதல்ல" என்றார்கள்.

அவர் மகளைப் பார்த்தார். "இந்தப் புள்ளதான் அந்த ஸ்கூல் புள்ளையா?"

எந்த ஸ்கூல் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபமாகவே சொன்னார். "இந்த நம்பரை வாங்குன நாளையிலேர்ந்து எனக்கு ஸ்கூல் மெசேஜு வருது. பீஸு கட்டலைன்னு எனக்கு. புள்ள வரலைன்னு எனக்கு. உங்க ஸ்கூல்ல மழைக்கு லீவு விட்டா ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். உழவுக்குக் கூப்புடுறாகளோன்னு கையைத் துடைச்சுட்டு வந்து எடுத்துப் பாப்பேன், நாளைக்கு பேரண்ட்ஸ் மீட்டிங்குன்னு இருக்கும். ரெண்டு வருசமா."

பள்ளிக்கூடத்திலும் என் வீட்டுக்காரர் நம்பரை மாற்றவில்லை. எனக்கு என் கணவர் மேல் வந்த கோபத்தில், வெட்கத்தில், இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிச்சுக்கங்க அண்ணே என்று சொன்னேன்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நீ அந்தப் புள்ளைக்கு அம்மாதான்னா ஒண்ணு சொல்லு. இது எந்தப் பாடத்துல பெயிலாச்சு?"

"அவ எதுலயும் பெயிலாகலையே" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தியா? நான் சொல்லல?" என்று சொல்லிவிட்டு டிராக்டரைப் பார்த்துத் திரும்பினார். நான் அவர் பின்னாலேயே போய், இல்லண்ணே, நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டு என்று ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து மகள், "வேதியியல்" என்றாள். "பிளஸ் ஒன்ல, இடைப்பருவத் தேர்வுல."

அவர் நின்றார். "எம்புட்டு மார்க்கு?"

மகள் சொன்னாள். நான் இங்கே எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர் போனை எடுத்து வெகுநேரம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு, "சரியாத்தான் இருக்கு" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அடுத்த பரீட்சையில் தேறிவிட்டாளாம், மெசேஜ் வீட்டுக்கு வராததால் சொல்லவில்லையாம். இதை அவள் பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொன்னாள். ஆனால் அந்த இடத்தில், அவள் பெயிலானதுதான் நாங்கள் நாங்கள்தான் என்பதற்குச் சாட்சி. என்ன சொல்லி நான் அவளைத் திட்டுவது?

என் கணவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எண்ணை அனுப்பச் சொல்லி அழுத்துங்கள் என்றேன். அழுத்திவிட்டேன் என்றார். டிராக்டர்காரரின் போனுக்கு ஒன்றும் வரவில்லை. "இங்க டவர் வராது, வரப்புக்கு வாங்க" என்று நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். வரப்பில் நின்றதும் வந்தது. அதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது.

இரண்டாவது எண் உடனே வந்தது. டிராக்டர்காரர் வாயால் சொல்ல மாட்டேன் என்றார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எண்ணுக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. "அதுல என்ன போட்டிருக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு" என்றாள் மகள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எண்ணைப் படித்தேன். அந்தப் பக்கம் என் கணவர் இரண்டு எண்ணை முன்பின்னாகப் போட்டுவிட்டார். தப்பு என்று வந்தது. பதற்றத்தில் மறுபடியும் அதையே போட்டார். செத்த நேரம் கழித்து முயலவும் என்று பக்கம் மூடிக்கொண்டது.

"நீ திருப்பிச் சொன்னியா, நான் திருப்பிப் போட்டேனான்னு தெரியலையே" என்றார் போனில்.

"நான் சரியாத்தான் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

டிராக்டர்காரருக்கு அடுத்த காட்டில் உழவு இருந்தது. அங்கிருந்து ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். செத்த நேரம் இருங்க அண்ணே என்று நான் கெஞ்சினேன். "ரெண்டு வருசம் இருந்துட்டேன், இன்னுஞ் செத்த நேரத்துல என்ன" என்று முணுமுணுத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். காத்திருந்தோம். மூன்றாவது எண் வந்தபோது, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, அதைப் போட்டாச்சா, படிச்சுக் காட்டுங்க என்று கேட்டுக் கேட்டு அடுத்ததைச் சொன்னேன். கடைசி எண்ணையும் போட்டார். பிறகு அவர், "திறந்துருச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது.

மகள் அந்த இடத்திலேயே போனை வாங்கி, என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் பாஸ்வேர்டு. பிறகு திருடன் போட்ட நம்பரை எடுப்பது, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றுவது. அப்புறம் அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்கச் சொன்னாள். எங்களுக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் இன்னொரு முகவரிக்கும் தானாகப் போகிற மாதிரி அவன் செய்து வைத்திருந்தான். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால், பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம், அவன் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருப்பான்.

டிராக்டர்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "மொதல்ல ஸ்கூல்ல நம்பரை மாத்தச் சொல்லு உன் வீட்டுக்காரரை" என்றார். மகளிடம், "நல்லாப் படி" என்று மட்டும் சொன்னார்.

கடைசி தேதிக்குள் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டோம். அவள் முதலில் போட்டது கிடைக்கவில்லை, மூன்றாவது கிடைத்தது. அது மார்க்கினால்தான், மெயிலினால் இல்லை. அந்த வகையில் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று என் கணவர் சொல்லிக்கொள்வார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் அந்த நாலைந்து நாளில் எங்கள் மெயிலிலிருந்து, எங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அதே கவுன்சிலிங் மெயில் போயிருந்தது. பெரும்பாலானவர்கள் திறக்கவே இல்லை. மகளின் தோழி வீட்டில் திறந்தார்கள். அவளும் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தவள். தெரியாத முகவரி என்றால் அவள் அம்மா தொட்டிருக்க மாட்டார். அனுப்பியது என் கணவர். அவர் பெயரைப் பார்த்து நம்பி அழுத்தினார்கள். அவர்கள் மெயிலும் பறிபோனது.

நானும் மகளும் அவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போனோம். நாங்கள் அனுப்பவில்லை, எங்கள் மெயிலைத் திருடியவன் அனுப்பினான் என்று சொன்னேன். இந்தத் தடவை முகவரியில் கோளாறே இல்லையே, அது எங்களுடையதுதானே, அதனால் முகவரியைப் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வரியை நான் சொல்லியிருக்கக் கூடாது. "உங்க வீட்டுக்காரர் பேருல வந்ததை உங்க வீட்டுக்காரர்கிட்டயே போன் போட்டுக் கேக்கணுமா?" என்றார் அந்த அம்மா.

கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதை அன்றைக்கு அவர்களிடம் நான் எப்படிச் சொல்வேன்?

அவர்களுடைய மெயிலில் இருந்தது அவர்கள் கையில் இருக்கிற நம்பர்தான். மகள் உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் மீட்டுக் கொடுத்தாள். அந்த அம்மா அவளுக்கு மட்டும் நன்றி சொன்னார். தெருவில் இப்போதும் பார்த்தால் சிரிப்பார், நிற்க மாட்டார். நான் நின்று பேசலாம் என்று நினைப்பதற்குள் போய்விடுவார்.